சரியா, சாரியா

அக்கா கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் பால் பாக்கெட்டைப் பற்றியது. "இன்னிக்கும் ஒழுகுது பாரு, கீழே ஒரு கிண்ணம் பிடிச்சு எடுத்துட்டு வாடீ" என்றாள். நான் கிண்ணம் பிடித்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். காற்று மட்டும் வந்தது.

மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அத்தான் போன பிறகு அக்கா தனியாகிவிட்டாள் என்று நான் அவளோடு வந்து சேர்ந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய ஒரே பையன் கனடாவில் இருக்கிறான். அக்கா தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புடவைப் பிரிவில் தொடங்கி, கடைசியில் எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் வந்து நின்றாள். சாயம் போச்சு, ஜரிகை கறுத்துப்போச்சு, சம்பந்திக்குப் பிடிக்கவில்லை என்று புடவையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற இடம் அது. "காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் சாரி வித்துட்டு, சாரி சொல்லிட்டு வர்றேன்" என்பாள், செருப்பைக் கழற்றும்போதே. வீட்டில் அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. என் டம்ளரை உடைத்துவிட்டால்கூட, "வைக்கிற இடத்துலயா வெச்சே?" என்றுதான் கேட்பாள்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. கதை, கவிதை எல்லாம் இல்லை. வாஷிங் மெஷினோடு வரும் கையேடு, காப்பீட்டு நிபந்தனைகள், வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகள். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் போட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் எங்கேயாவது ஓரிடத்தில் ஒரு நிறுவனம் யாரிடமாவது "சாரி" என்றிருக்கும். நான் "வருந்துகிறோம்" என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். வருந்துகிறோம் என்று எழுதும்போது யாரும் வருந்துவதில்லை. அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை.

அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இடது மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது என்றார்கள். வலது கை, வலது கால் போய்விட்டன. பேச்சும் போயிற்று. சில நாள் கழித்து வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு காலை நர்ஸ் அவள் கையிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பிளாஸ்திரியை உரித்தபோது அக்கா வாயைத் திறந்தாள்.

"சா…ரி."

நான் ஓடிப்போய் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பேசிட்டா! பேசிட்டா!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள்கூடக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு வார்த்தை வந்துவிட்டது, மற்றவையும் பின்னாலேயே வரும் என்று நினைத்தேன். கனடாவுக்குக் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். அவன் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னான். "சரின்னு சொல்றாங்கல்ல சித்தி?" என்றான். "சாரின்னு சொல்றாப்பா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எதுவாக இருந்தால் என்ன, பேசுகிறாளே என்று இருந்தது.

வேறு எந்த வார்த்தையும் வரவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. தண்ணீர் வேண்டுமென்றால் சாரி. வேண்டாமென்றாலும் சாரி. ஜன்னலைத் திறந்தால் சாரி, மூடினால் சாரி. நாக்கு குழறியதால் முதல் எழுத்து குறிலா நெடிலா என்று சொல்ல முடியாதபடி நடுவில் எங்கோ நின்று இழுத்துக்கொண்டு வரும். ஒருநாள் சரி மாதிரி இருக்கும். ஒருநாள் சாரி மாதிரி இருக்கும். தலையாட்டச் சொல்லிப் பார்த்தோம். எதைக் கேட்டாலும் ஆட்டினாள். "உன் பேரு இதுவா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அதற்கும் ஆட்டினாள். பிறகு அவளே புரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தப்பாக ஆட்டிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. உள்ளே எல்லாம் தெரிகிறது, வெளியே வருவது மட்டும் இந்த ஒன்று.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல கை பலம். அக்காவைக் குழந்தை மாதிரி தூக்கி உட்காரவைப்பாள். வந்த இரண்டாம் நாளே என்னிடம் சொன்னாள்.

"யம்மா, அக்கா இன்னா கேக்குதுன்னு உனக்குப் புரியலயா? சாரி சாரின்னு சொல்லிக்கினு கீதே. பொடவ கேக்குது. இந்த நைட்டிய மாட்டி வுட்டுக்கீறீங்களே, அதான் அதுக்கு வெறுப்பா கீது."

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாகப் புடவைகளுக்கு நடுவில் இருந்தவள். வீட்டிலும் நைட்டி அணிய மாட்டாள். பால்காரர் வந்தால்கூடக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டுதான் கதவைத் திறப்பாள். பீரோவைத் திறந்து அவளுக்குப் பிடித்த மாம்பழ நிறச் சுங்குடியை எடுத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து, படுக்கவைத்தும் புரட்டியும், வேர்த்து விறுவிறுத்து அதைக் கட்டினோம். தலையணைகளை அண்டக்கொடுத்து உட்காரவைத்தோம். அந்தப் பெண் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ராணி மாதிரி கீது" என்றாள்.

அக்கா இடது கையால் முந்தானையைத் தடவினாள். விரல்களுக்கு நடுவில் துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கடையில் பார்ப்பாளே, அதே மாதிரி. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கிடைத்துவிட்டது, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். மத்தியானம் ரசஞ்சாதம் ஊட்ட உட்கார்ந்தபோது என் முகத்தைப் பார்த்து, "சா…ரி" என்றாள். கண்ணில் நீர் வழிந்தது. ரசம் முந்தானையில் சிந்திவிட்டது. அதற்காகச் சொன்னாளா, வேறு எதற்காவதா, தெரியாது.

அதன் பிறகு எனக்கு அந்த வார்த்தை ஒரு நோயாகப் பிடித்துக்கொண்டது. வெளியே போனாலும் காதில் அதுதான் விழுந்தது. மருந்து வாங்க லஸ் பக்கம் போனால் ஆட்டோக்காரர் முழங்கையில் இடித்துவிட்டு, "சாரிக்கா" என்று பதிலுக்குக் காத்திராமல் போனார். ரங்கநாதன் தெருவில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், சாரி சாரி என்று நகர்ந்தார்கள். "சாரி மச்சி, டிராஃபிக்" என்று ஒரு பையன் போனில் சொன்னான். அவன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். மருந்துக்கடையில் "அந்தப் பத்து எம்ஜி ஸ்டாக் இல்ல, சாரி மேடம்" என்றார்கள். இத்தனை பேர் இதை இவ்வளவு லேசாகச் செலவழிக்கிறார்கள், அங்கே ஒருத்தி இந்த ஒன்றை வைத்துக்கொண்டு மொத்த வாழ்க்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

நாம் அதைச் சொல்வதில்லை, கேட்கிறோம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. "போய் சாரி கேளு" என்றுதான் குழந்தையை அதட்டுகிறோம். "சாரி கேட்டா சரியாப் போச்சா?" என்று சண்டை போடுகிறோம். மன்னிப்பு கேட்பதுபோல இதையும் ஆக்கிக்கொண்டுவிட்டோம். எதிரில் இருப்பவர் கையில் இருக்கிற ஒரு பொருள், அவர் கொடுத்தால்தான் கிடைக்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அங்கே அது சொல்கிறவனின் நிலை மட்டும்தான். நான் இப்படி இருக்கிறேன் என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

வேலைக்காக அகராதி பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் தேடியதில்லை. தெரிந்த சொல்லை யார் தேடுவார்கள்? ஒரு மத்தியானம் அக்கா தூங்கும்போது தேடினேன். துக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'சாரோ' (sorrow) என்று ஒரு சொல் இருக்கிறது. அதிலிருந்து வந்தது இது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். இரண்டும் வேறு வேறு வேர். பிற்காலத்தில் ஒலி ஒத்திருந்ததால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. சாரியின் வேர் 'சோர்' (sore) என்ற ஆங்கிலச் சொல். புண், காயம், வலி. வலியோடு இருப்பவன் சாரி. உடம்பின் வலியில் தொடங்கி மனசின் வலிக்கு வந்து, அங்கிருந்து பரிதாபமான, உதவாத என்றெல்லாம் அலைந்து, வெகு தாமதமாகத்தான் மன்னிப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரங்கநாதன் தெருவுக்கு வந்தது அதற்கும் பிறகு.

தமிழிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. இலங்கைத் தமிழர்கள் காய்ச்சலையும் நோயையும் வருத்தம் என்பார்கள். "அவருக்கு வருத்தம்" என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நான் இத்தனை வருஷம் கையேடுகளில் தட்டிய "வருந்துகிறோம்" அந்த வருத்தம்தான்.

அகராதியை மூடிவிட்டு எழுந்து அக்காவின் கட்டிலருகே போனேன். விழித்திருந்தாள்.

"அக்கா, எங்கேயாவது வலிக்குதா?"

"சா…ரி."

தலையிலிருந்து தொட ஆரம்பித்தேன். நெற்றி, கழுத்து, இடது தோள். ஒன்றும் இல்லை. வலது தோளில் கை வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது. "சாரி, சாரி, சாரி" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நைட்டியை விலக்கிப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். செயலற்ற கையின் கனத்தில் மூட்டு கீழே இறங்கியிருந்தது. உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் தினமும் அந்தக் கையைத்தான் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்குவாள். ஒவ்வொரு முறையும் அக்கா சாரி என்பாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு, "எதுக்கு ஆன்ட்டி சாரி? நல்லாத்தானே பண்றீங்க" என்பாள். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தோளுக்குத் தாங்கு பட்டை கட்டினார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தூங்கினாள். நான் அவளுக்கு வைத்தியம் பார்த்த நரம்பியல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லின் வேர், வலி, தோள், எல்லாம். நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டது போல எனக்கே பேச்சு வேகமாக வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், வயது அதிகம் இல்லை.

"அம்மா, தோள் வலியைக் கவனிச்சது நல்ல விஷயம். ஆனா அவங்க அந்த வார்த்தையை அர்த்தத்தோட சொல்லலை. சில பேருக்கு இப்படி ஒரே ஒரு சொல் தங்கிடும். ஒருத்தருக்கு ஒரு ஊர் பேரு, ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை. எது வேணா நிக்கலாம். அதிகமாப் புழங்கினதா இருக்கலாம், அதுகூட நிச்சயம் இல்லை. வாயைத் திறந்தா அதுதான் வரும். அதுல அர்த்தம் தேடாதீங்க. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"அவளுக்குள்ள என்ன சொல்ல நினைக்கிறா டாக்டர்?"

"அது நமக்குத் தெரியாதும்மா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மாத்திரை போட்டு வலி குறைந்த பிறகும் அக்கா அதையே சொன்னாள். காபி கொடுத்தால், கோயில் மணி கேட்டால், நான் தலை சீவிவிட்டால். அன்று இரவு கனடாவுக்குப் போன் செய்து மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்கு அர்த்தமே கிடையாதாம்ப்பா என்றேன். அவன், "அப்ப நான் அம்மான்னு கூப்பிடும்போது சொல்றதும் அர்த்தம் இல்லாததுதானா சித்தி?" என்று கேட்டான்.

ஆனாலும் என்னால் விட முடியவில்லை. அவள் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். மேலே போனால் கேள்வி, கீழே வந்தால் சலிப்பு, நடுவில் நின்றால் என்னைக் கூப்பிடுகிறாள். இப்படி நானே ஒரு இலக்கணம் கட்டிக்கொண்டேன். சில நாள் அது பலித்தது. கேள்வி என்று நினைத்து, "பையன் அடுத்த தடவை பேசும்போது கேக்கறேன்" என்று பதில் சொல்வேன். அவள் திருப்தியாகப் படுத்திருப்பாள். மறுநாள் அதே குரலுக்கு அதே பதில் சொன்னால் என் கையிலிருக்கும் டம்ளரைத் தட்டிவிடுவாள். இடது கையால் கட்டிலின் கம்பியை அடிப்பாள். சாரி, சாரி, சாரி என்று கத்துவாள். கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்து, "என்னங்க, அவங்களை யாராவது திட்டறீங்களா? பாவம், இத்தனை சாரி கேக்கறாங்களே" என்றார். நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

நொச்சிக்குப்பத்துப் பெண்ணுக்கு மகளின் பிரசவம் வந்தது. "ஒரு மாசம்மா, வந்துர்றேன்" என்று போனாள். ஏஜென்சி மூலம் வந்தவர்கள் இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. நானே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். எனக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு காலை குளியலறையில் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது என் கால் வழுக்கியது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அவள் என் மேல் விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஈரத் தரையில் கிடந்தபடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு தடவை மட்டும் அதற்கு அர்த்தம் உண்டு என்று சத்தியம் செய்வேன். "இல்லக்கா, உன் மேல தப்பு இல்ல" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் சத்தம் கேட்டு, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து வரும்வரைக்கும்.

பையன் கிளம்பி வந்தான். விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே வந்தான். தாடியும் கலைந்த தலையுமாக வாசலில் நின்றபோது அவனுக்கு ஐம்பது நெருங்குகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் தலையை இடது கையால் தடவினாள். அவனிடமும் அதைத்தான் சொன்னாள்.

அவன் மூன்று இடங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தரமணியைத் தாண்டி ஒரு சந்துக்குள், முதியவர்களுக்கான இல்லம். சுத்தமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டில், இரவும் பகலும் நர்ஸ், தூக்குவதற்கு ஆள் என்றான். என் கையில் மாவுக்கட்டு. நான் என்ன சொல்ல முடியும்? ஆனாலும் சொன்னேன்.

"அவளைக் கேக்காம முடிவு பண்ணாதப்பா. அவளுக்கு எல்லாம் புரியும்."

"கேக்கறேன் சித்தி. அம்மா முன்னாடியே கேக்கறேன்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, சித்திக்குக் கை உடைஞ்சிருச்சு. அவங்களால உன்னைத் தூக்க முடியாது. என்னால அங்கேருந்து அடிக்கடி வர முடியாது. ஒரு நல்ல இடம் பாத்திருக்கேன். அங்க போலாமாம்மா?"

அக்கா அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"சா…ரி."

அவன் மூச்சு விட்டான். "சரின்னுட்டாங்க சித்தி."

"இல்லப்பா. சாரின்னு சொல்றா."

"சாரின்னா எதுக்கு?"

"வரமாட்டேன், மன்னிச்சுக்கோன்னு இருக்கலாம். உனக்குக் கஷ்டம் குடுக்கறேன்னு இருக்கலாம். வலிக்குதுன்னுகூட இருக்கலாம்."

"சித்தி, அதுக்கு அர்த்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப சரின்னதுக்கும் அர்த்தம் இல்லைல்ல?"

அவன் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். எனக்கு வீம்பு ஏறியிருந்தது. அக்காவின் பக்கம் குனிந்தேன்.

"அக்கா, இங்கேயே இருக்கியா? நம்ம வீட்லயே? என்கூடவே?"

"சா…ரி."

அதே சொல். அதே குரல். அதே நீளம். நான் கட்டியிருந்த இலக்கணத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. அவன் விரல்களுக்கு இடையிலிருந்து, "எனக்கு வேற வழி தெரியலை சித்தி" என்றான். எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சொன்ன பதிலை நாங்கள் இருவருமே கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். இடது கையை அவன் மடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே கூட்டிப்போனோம். ஆம்புலன்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடையாறு பாலத்தில் ஏறும்போது ஜன்னல் வழியே கொஞ்சம் வானம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

பையன் கனடாவுக்குப் போய்விட்டான். ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்கிறான். பேச்சு முடிவில் தவறாமல் சாரி சித்தி என்கிறான். சரிப்பா என்கிறேன்.

என் மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, வாரம் இரண்டு தடவை பறக்கும் ரயிலில் தரமணி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிறேன். சுத்தமான இடம்தான், அவன் பொய் சொல்லவில்லை. நேரத்துக்குப் புரட்டிப்போடுகிறார்கள். முதுகில் புண் இல்லை. தலைமுடியைக் கட்டையாக வெட்டிவிட்டிருக்கிறார்கள், பராமரிக்கச் சுலபம் என்று. ஆரம்பத்தில் நான் போனதும் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள். அடுத்தடுத்த வாரங்களில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இல்லாத ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு வேளையில், கடைசித் தடவையாகச் சொல்லியிருக்கிறாள். யாரிடம், எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை அங்கே பொறுப்பாக இருக்கும் நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன்.

"எங்கக்கா பேசறது எப்பம்மா நின்னுச்சு?"

அவள் கையிலிருந்த மருந்துத் தட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "அவங்க பேசுவாங்களா மேடம்?" என்றாள்.

"ஒரு வார்த்தை பேசுவா."

"நான் கேட்டதில்லை மேடம். ரொம்ப அமைதியா இருப்பாங்க. தொந்தரவே கிடையாது."

சாப்பாட்டு நேரம். கரைத்த சாதத்தைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தினேன். "அக்கா" என்றேன். கண் என் மேல் வந்து நின்றது. ஏதாவது வரும் என்று ஸ்பூனைப் பிடித்தபடி காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன். வாயைத் திறந்தாள். ஊட்டினேன். விழுங்கினாள். போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். அவள் திறந்த வாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் காலியாகும்வரை ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்து, கட்டிலை இறக்கினேன்.